பூசையில் வைத்த போன்

ஆயுத பூசையன்று காலை பத்தேகாலுக்கு விஜி செய்த தப்பு பதினோரே சொற்களில் அடங்கிவிட்டது. 'திராட்சைக் கொடிக்குக் கந்தகத் தூள் அடிக்கிற பம்பு. வெந்நி ஊத்தி நல்லாக் கழுவுங்க, ஓடும்.' அவ்வளவுதான். இது ஒரு ஆளைக் கொன்றுவிடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய்ச் சோலியைப் பாருய்யா என்று விரட்டியிருப்பாள். ஆளை விரட்டுவதில் விஜியை மிஞ்சச் சின்னமனூரில் ஆள் கிடையாது.

மார்க்கெட் தெருவில் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுது பார்க்கிற கடை அவளுடையது. இருபது வருசமாகக் கைத்தெளிப்பான், பவர் ஸ்ப்ரேயர் என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள். அந்தத் தெம்பில்தான் 'என்ன சாமான் இது?' என்ற வாட்ஸப் குழுவிலும் சேர்ந்தாள். கம்பத்திலிருந்து கெங்குவார்பட்டி வரைக்கும் இருநூற்றுச் சொச்சம் பேர் அதில் உண்டு. பரணில் கிடந்தது, கிணற்றில் அகப்பட்டது, எஸ்டேட் ஸ்டோரில் கழித்துப் போட்டது என்று பெயர் தெரியாத இரும்பையெல்லாம் படம் பிடித்துப் போடுவார்கள். தெரிந்தவர்கள் இன்னது என்று சொல்வார்கள். படம் வந்த ரெண்டாவது நிமிடம் விஜியின் பதில் வந்துவிடும். சிலசமயம் தப்பாகவும் வரும், அது வேறு விசயம்.

தேவதானப்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் வைகுண்டராஜ் அதற்கு நேர் எதிர். நீளம் என்ன, கனம் என்ன, பின்பக்கம் ஒரு படம் போடுங்க என்று ஆளைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு சாமானைப் பார்த்து, ஏலக்காய் சலிக்கிற எந்திரத்தின் கைப்பிடி என்று விஜி அடித்துச் சொன்னாள். இல்லை, எஸ்டேட் துரை வீட்டு ஐஸ்கிரீம் வாளியின் கைப்பிடி என்று அளவோடு நிரூபித்துவிட்டார் மனுசர். குழுவே ரெண்டு நாள் சிரித்தது. விஜி அவருடைய நம்பரை பிளாக் செய்து வைத்தாள்.

அதனால்தான் இன்று காலை ஈஸ்வரபாண்டி படம் போட்டதும் அவளுக்குக் கை பரபரத்தது. கெங்குவார்பட்டிக்காரன். மேகமலை எஸ்டேட்டுகளில் கழித்துக்கட்டும் பழைய சாமான்களை வாங்கி வந்து விற்கிறவன். படத்தில் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு பித்தளை உருளை, மேலே இழுத்து அமுக்கும் கைப்பிடி, கீழே காலால் மிதித்துக்கொள்ளத் தகடு, பக்கத்தில் தூள் போடுகிற கிண்ணம். இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தல். தூள் ஊதுகிற சாமானைக் கண்டால் இங்கே பிறந்தவர்களுக்குக் கொடிதான் ஞாபகம் வரும். விஜிக்கும் வந்தது. வைகுண்டராஜ் முந்துவதற்குள் தட்டிவிட்டாள்.

'குழாய் முனை எவ்வளவு தடிமன்? தனியா ஒரு படம் போடுங்க தம்பி,' என்று அவர் எழுதினார்.

'சொன்னதுக்கு அப்புறம் அளவு என்னத்துக்கு? ஐஸ்கிரீம் கிண்டவா?' என்று விஜி எழுதினாள். பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். வைகுண்டராஜ் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. விஜிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. போனைக் கீழே வைத்துவிட்டு, கழுவித் துடைத்த ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைக்கப் போனாள்.

பதினொரு மணிக்குமேல் சுருளியாண்டி தோளில் பம்போடு வந்து நின்றார். கம்பம் ரோட்டில் ஒன்றரை ஏக்கர் திராட்சை வைத்திருப்பவர்.

"ஏத்தா, ஒரே ஒரு வாசர் மாத்தணும். கொடியில சாம்பல் நோய் விழுந்து கெடக்கு."

"பொட்டு வச்சுப் பூசைக்கு வச்ச சாமானை நாளைக்கு வரைக்கும் தொட மாட்டேன்னு தெரியும்ல? விடியட்டும், வாங்க."

"அதுக்குள்ள கொல பூராம் போயிரும்த்தா."

"போனா போகட்டும். நானா சாம்பலை வரச் சொன்னேன்?"

அவர் அசையவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து புலம்ப ஆரம்பித்தார். அந்தப் புலம்பலிலிருந்து தப்பிக்கத்தான் விஜி போனை எடுத்தாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் ஈஸ்வரபாண்டி பேசி அனுப்பியிருந்தான். கூடவே ரெண்டு படம். பேச்சை ஓடவிட்டாள்.

"அக்கா, நல்லவேள நீங்க சொன்னீக. வைகுண்டராஜ் அண்ணன் கேட்டாகளேன்னு குழாயையும் படம் பிடிச்சுப் போட்டிருக்கேன். கூட ஒரு தகர டப்பாவும் வந்துச்சு. மூடி இறுகிப்போய்க் கெடக்கு, உள்ள தூள் குலுங்குது. கந்தகமாத்தான இருக்கும்? நீங்க சொன்னாப்புலயே ரெண்டையும் வெந்நில ஊறப்போட்டுக் கழுவிர்றேன். முத்தத்துல வச்சா பிள்ளைக இழுக்கும், பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவப் போறேன். பதில் போட்டா நாளைக்குத்தான்க்கா பாப்பேன். போனுக்கும் பொட்டு வச்சுப் பூசையில வைக்கணும்னு எம் பொண்டாட்டி யுவராணி கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா."

சுருளியாண்டி எட்டிப் பார்த்தார். "இது என்ன, கந்தகப் பம்பா? கொடிக்கு அடிக்கிறதுக்கு எதுக்கு இம்புட்டு ஒல்லிக் குழாய்? தூள் பரவி விழ வேணாமா? பொந்துக்குள்ள விட்டு ஊதுறாப்புலல்ல இருக்கு."

விஜி படத்தைப் பெரிதாக்கினாள். விரல் தண்டிக் குழாய், ஒரு முழ நீளம், முனை சரிவாக வெட்டியிருந்தது. பொந்து. அந்தச் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் எட்டு வருசத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. மேகமலையிலிருந்து ஒரு எஸ்டேட்காரர் இதே மாதிரி உருளை ஒன்றைக் குழாய் இல்லாமல் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்தார். எலிப் பம்பு என்றார். குழாயைப் பொந்துக்குள் செருகி, தகட்டை மிதித்துக்கொண்டு ஊதுவார்களாம். உள்ளே போடுவது சயனைடுத் தூளாம். ஈரக் கையோடு டப்பாவைத் தொடவே விடமாட்டாகம்மா, துளித் தண்ணி பட்டாலும் விசப் புகை கிளம்பிரும், மூடின ரூமுக்குள்ளன்னா ஆள் வெளிய வரமாட்டான் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, விஜி வாசர் அளவு பார்க்கப் போய்விட்டாள். இத்தனை வருசம் அது எங்கே போய்க் கிடந்தது? பாழாய்ப்போன புத்தி, காலையில் வந்திருக்கக் கூடாதா?

"அய்யய்யோ," என்றாள்.

ஈஸ்வரபாண்டிக்குப் போன் அடித்தாள். முழுக்க அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்க மாட்டான். பொட்டு வைத்த சாமானை இவள் தொடுவாளா, அவன் தொடுவதற்கு? கழுவிய தட்டுமுட்டுகளுக்கு நடுவே சந்தனம் குங்குமத்தோடு அந்தப் போன் பூசை மணையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். வீட்டில் ஒருவரும் கிட்டே போக மாட்டார்கள்.

குழுவில் எழுதினாள். 'ஈஸ்வரபாண்டி, தண்ணி ஊத்தாதே! நான் சொன்னது தப்பு. அது எலிப் பம்பு. டப்பாவில் விசம். கெங்குவார்பட்டியில் யாராவது இருந்தால் உடனே அவன் வீட்டுக்கு ஓடுங்க!' அடுத்த நொடி ஒரு சரசுவதி படம் வந்து விழுந்தது. அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று. அனைவருக்கும் ஆயுத பூசை நல்வாழ்த்துகள். அவள் எழுதியது மேலே மேலே போய்க் கண்ணுக்கே மறைந்தது. சாமி படத்தைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாக விஜிக்கு ஆத்திரம் வந்தது.

மேலே தள்ளிக்கொண்டு போனபோது காலையில் எழுதிய அந்தப் பதினோரு சொல் தட்டுப்பட்டது. விரல் அதன்மேல் அழுந்தியது. எல்லாருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்துவிட்டால்? நாளைக்குப் போலீஸ் வந்தால்? கடை, பிள்ளைகள் படிப்பு, ஊர்ப் பேச்சு எல்லாம் அந்த ஒரு கணத்தில் மண்டைக்குள் சுற்றியது. உள்ளதைச் சொன்னால், அந்த விரலை எடுக்க அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அங்கே ஒருத்தன் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறான், நான் இங்கன எதை அழிச்சுக்கிட்டு இருக்கேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு விரலை எடுத்தாள்.

சின்னமனூரிலிருந்து கெங்குவார்பட்டிக்கு எப்படிப் பறந்தாலும் ஒன்றரை மணி நேரம். தேவதானப்பட்டியிலிருந்து பத்து நிமிடம்.

"சுருளியண்ணே, உங்க போன்ல தீயணைப்புக்கும் நூத்தியெட்டுக்கும் அடிங்க. கெங்குவார்பட்டி ஈஸ்வரபாண்டி வீடு, விசவாயுன்னு சொல்லுங்க. எந்திரிங்க!" என்று கத்திவிட்டு வைகுண்டராஜின் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்தாள்.

ஒருமுறை அடித்து நின்றது. இவர் போனும் பூசையில்தான் இருக்குமோ? ரெண்டாம் முறை. மூன்றாம் முறை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா. பூசையில வச்ச போனைத் தொடாதேன்னு வீட்டுல சத்தம் போடுறாக. பிளாக் பண்ணின ஆளு கூப்பிடுதேன்னு எடுத்தேன்."

"அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். அது எலிப் பம்பு. கூட டப்பா இருக்காம், உள்ள தூளு இருக்காம். பாத்ரூம்ல வெந்நில போட்டுக் கழுவுறான். போனைப் பூசையில வச்சுட்டான்."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டது.

"நானும் அதா இருக்குமோன்னுதான் நெனச்சேன்," என்றார்.

"நெனச்சீகளா? நெனச்சா சொல்ல வேண்டியதுதான?"

"அளவு தெரியாமச் சொல்லக் கூடாதுன்னு கேட்டேன். நீங்க ஐஸ்கிரீம்னீக. ஊரே சிரிச்சுச்சு. எக்கேடோ கெட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்." பின்னால் வண்டி உறுமியது. "வண்டி எடுத்துட்டேன். வைங்க."

"அண்ணே, உள்ள போயிராதீக! வெளிய நின்னே கத்துங்க!"

பதினொன்று இருபத்து மூன்று. இனி அவள் செய்ய ஒன்றுமே இல்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. ஈஸ்வரபாண்டியின் நம்பரை மறுபடி அழுத்தினாள். நின்றால் மறுபடி. நின்றால் மறுபடி. எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அடித்தாள். எட்டு, ஒன்பது, பத்து. சுருளியாண்டி தீயணைப்புக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்து, பம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதை வாங்காமல் அவள் மறுபடி அழுத்தினாள்.

பத்தொன்பதாவது முறை அடித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வைகுண்டராஜ் கூப்பிட்டார்.

"என்னாச்சுண்ணே? என்னாச்சு?"

ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. விஜி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கான்," என்றார் வைகுண்டராஜ், இரைக்க இரைக்க. "உசிரோட இருக்கான். எல்லாரையும் தெருவுக்குக் கூட்டியாந்துட்டேன். நூத்தியெட்டு வந்துக்கிட்டு இருக்கு."

"டப்பா?"

"வெந்நி வாளிக்குள்ள கெடக்கு. மூடியைத் திருகிப் பாதி இளக்கிட்டான். போன் விடாம அடிக்குதாம். தொடவும் முடியல, நிறுத்தவும் முடியல, நீங்களே வந்து என்னன்னு பாருங்கன்னு யுவராணிப் பிள்ள கதவைப் போட்டு இடிச்சிருக்கு. கோபமா வெளிய வந்திருக்கான். தொடலாமா, கூடாதான்னு ரெண்டு பேரும் பூசை மணைக்கு முன்னால நின்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாக. அப்பத்தான் நான் வந்து சேந்தேன்."

விஜி அழுதாள். கடைத்தெரு பார்க்கிறதே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"இன்னொண்ணும்மா," என்றார் அவர். "வாளித் தண்ணி வழிஞ்சு பாத்ரூம் தூம்பு வழியாப் பின்னால வந்திருக்கு. அங்கன மேஞ்ச மூணு கோழியும் செத்துக் கெடக்கு."

சாயங்காலம் நாலரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஈஸ்வரபாண்டி பேசினான். பெரியகுளத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். ஆக்சிஜன் வைத்து, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்களாம். டப்பாவைத் தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போயிருந்தார்கள். விஜி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் விடவில்லை.

"மூடி இளகும்போதே தலை கிறுகிறுன்னு வந்துச்சுக்கா. தண்ணியை விட்டு எந்திரிச்சிரலாமான்னு பாத்தேன். எந்திரிக்கல."

"ஏன்டா எந்திரிக்கல? கிறுகிறுன்னா வெளிய ஓடி வர வேண்டியதுதான?"

"நீங்க சொல்லியிருந்தீகள்ல," என்றான் அவன், சாதாரணமாக. "விஜியக்காவே கழுவச் சொல்லியிருக்காக, அப்புறம் என்ன பயம்னு உக்காந்துட்டேன்."

விஜி எப்படிப் போனை வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

குழுவில் அவளுடைய பதினோரு சொல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, நான் சொன்னது தப்பு என்பதும் இருந்தது. வைகுண்டராஜ் நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கூடலூர்க்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் போட்டார். மூன்று காலோடு ஏதோ ஒரு இரும்பு. 'என்ன சாமான் இது? விஜியக்கா எங்க போனீக?'

விஜி படத்தைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துப் போனின் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள், அதன்மேல் குங்குமம். ஸ்பேனர்களுக்கும் திருப்புளிக்கும் நடுவே இடம் பண்ணி அதையும் பூசையில் வைத்தாள்.

ஒரு நிமிடம் கழித்துப் போன் மினுங்கிக் கூப்பிட்டது. காலையிலிருந்து போகாமல் பெஞ்சிலேயே இருந்த சுருளியாண்டி அவளைப் பார்த்தார். விஜி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விடியட்டும்ணே," என்றாள்.