குழாயோரம் இறங்கிய நீலம்

இது எந்த மாதத்தில் நடந்தது என்று கேட்டால் எனக்கு நிச்சயமில்லை. வெயில் கொளுத்தியதாக நினைவு. எல்லோரும் நனைந்த குடையோடு வந்து போனதாகவும் நினைவு. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கலாம். அந்தக் கொட்டகையின் நாற்றம் மட்டும் பொய்யில்லை.

மண் ஆய்வு செய்கிற ஒரு பெண்மணியின் கொட்டகை அது. நாங்கள் வேலை பார்த்த ஆய்வுக் கட்டடம் முழுக்க அவருக்கு 'எரு அக்கா' என்றே பெயர். உள்ளே ஆளுயரக் குழாய்கள் வரிசையாக நிற்கும். குழாய்க்குள் வயலிலிருந்து எடுத்த களிமண், அதன் மேல் பன்றி எரு, கீழே ஒரு பாட்டில். மழைக்குப் பதிலாக அக்கா பூவாளியால் தண்ணீர் ஊற்றுவார். எருவின் நைட்ரஜன் எவ்வளவு கரைந்து பாட்டிலுக்கு வருகிறதோ, அந்தக் கணக்கில்தான் வயலிலும் நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். இதே வேலையை வேறொரு நாட்டில் அவருடைய தம்பி செய்துகொண்டிருந்தார். எந்த நாட்டில் அதிகம் இறங்குகிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தம்பி எட்டிப் பார்க்கவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. மறுபடி பேச வைத்தது இந்த எருதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"என்னக்கா, உங்க ஊரு பன்னி இந்த வாரமும் எங்கள ஜெயிச்சிடுச்சா?"

"ரொம்பப் பீத்திக்காதடா. களிமண்ணுல இவ்ளோ எறங்கக் கூடாதே. அதான் எனக்கு உதைக்குது."

"உதைக்கட்டும் விடு. கூட்டத்துக்கு வர்றப்ப நேர்லயே பார்த்துக்கலாம்."

முடிவை அறிவிக்கும் கூட்டம் அக்காவின் ஊரில் நடக்க இருந்தது. தம்பி அவர் வீட்டிலேயே தங்குவதாகச் சொல்லியிருந்தார். பூட்டிக் கிடந்த அறையை அக்கா துடைத்தார், பல்பை மாற்றினார். சாப்பாட்டு மேசைக்கு இன்னொரு நாற்காலி போட்டார். பழக்கமில்லாததால் போகும்போதும் வரும்போதும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

எரு கொண்டுவரும் பண்ணைக்காரருக்கு இந்த ஒப்பீடே பிடிக்கவில்லை.

"ஏங்க்கா, அந்த நாட்டுல மட்டும் பன்னி என்ன பன்னீரா விடுது?"

"வாய மூடிக்கிட்டு டிரம்ம இறக்குங்கண்ணே."

"வாய மூடிரலாம். மூக்கத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

அக்கா காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள்தான் பாட்டிலைப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள், ஊற்றிய கையோடு, விரிசல் விட்ட பாட்டில் ஒன்றை மாற்றக் குனிந்தார். அதில் அப்போதே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு களிமண்ணைத் தண்ணீர் அத்தனை வேகமாகக் கடக்கவே முடியாது. நீலச் சாயம் கலந்து ஊற்றினார். நீலமும் வந்துவிட்டது. குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். நடுவில் மண் கறுப்பு மாறாமல் இருந்தது. சுவரை ஒட்டி மட்டும் மெல்லிய நீலத் தோல்.

தொடங்குமுன் இரண்டு நாட்டு மண்ணையும் குழாயிலேயே ஒரே அளவு காயவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பியின் நாட்டு மண் மணல்; அது காய்ந்தாலும் அசையாது. அக்காவின் களிமண் சுருங்கி, குழாயை விட்டு நூலளவு விலகியிருந்தது. எருத் தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் அந்த இடுக்கில் வழுக்கியிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க அக்கா இதையே யோசித்தார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, தம்பி வந்துவிடுவான். சொன்னால் கூட்டமே நடக்காது. ஆனால் அந்தப் பொய் எண்ணை வைத்துப் பண்ணைக்காரர் போன்றவர்களின் கழுத்தைத்தான் அதிகாரிகள் பிடிப்பார்கள்.

ஞாயிறு போன் வந்தது.

"டிக்கெட் போட்டாச்சுக்கா."

"கேன்சல் பண்ணிருடா."

அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காயணும்னு அடம் பிடிச்சவன் நான்தான்," என்றார் தம்பி.

"களிமண்ணு சுருங்கும்னு எனக்குத் தெரியாதா? மண்டையில ஏறல."

"கூட்டம் இல்லன்னா லீவு தரமாட்டாங்கக்கா."

"தெரியும்."

"சும்மாவாச்சும் வரலாம்... பார்க்கறேன்."

"பாரு."

இருவரும் உடனே போனை வைக்கவில்லை.

ஒப்பீடு கைவிடப்பட்டது. தம்பி தன் மணலைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதிவிட்டு உரக் கம்பெனி வேலைக்குப் போனார். சில ஞாயிறுகள் கூப்பிட்டு மழை வெயில் பற்றிப் பேசினார், பிறகு கூப்பிடவில்லை. ஊருக்கும் வரவில்லை. அக்கா ஈரம் காயாத மண்ணை நிரப்பி முதலிலிருந்து செய்தார். தம்பியின் மணலைவிடக் குறைவாகவே இறங்கியது. அதற்குள் அதைக் கேட்க ஆள் இல்லை. பண்ணைக்காரர் பன்றியை விட்டுக் கோழி வளர்ப்புக்கு மாறிவிட்டார். ஓய்வு பெற்ற அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறார்.