குறை யாரிடம்

அந்த அறை சரியாக விழவில்லை. இசைப்பிரியா தன் தொடையிலேயே ஓங்கி அடித்துப் பார்த்தாள், உள்ளங்கையைக் குவித்தும் அடித்துப் பார்த்தாள். கன்னத்தில் விழுகிற சத்தம் வராமல் சப்பாத்தி மாவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. கடைசியில் ஈரத்துண்டை மடித்து வைத்து அதன்மேல் அறைந்தபோதுதான் 'பளார்' என்று வந்தது. உடனே குரலைத் தழைத்துக்கொண்டு, 'அவன் கோபத்துக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது' என்று அடுத்த வரியைப் போனில் படித்தாள்.

யூடியூபில் ஆடியோ நாவல் போடுகிற ஒரு சேனலுக்கு அவள்தான் குரல். தன் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன கண்டாள்? பி.காம். சர்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துவிட்டு, நெய்வேலியில் இருபத்தொன்றாவது பிளாக் குவார்ட்டர்ஸில் ஃபேனை அணைத்து, ஜன்னலில் போர்வையைக் கட்டி, வேர்க்க விறுவிறுக்கக் காதல் கதை வாசிக்கிறாள்.

எல்லாக் கதையும் ஒரே தட்டில் வேகிற இட்லிதான். நாயகன் ஆறடி இருப்பான், மூக்குக்கு மேல் கோபம் வரும். நாயகியை மிரட்டித் தாலி கட்டுவான், அறைவான். அவன் அம்மா அவளை மலடி என்னும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அவள் வீட்டைவிட்டுப் போவாள். அப்புறம் அவனுடைய சின்ன வயசுக் கதை வரும். அவனும் பாவம்தான் என்று தெரியும், மழை பெய்யும், அவள் திரும்பி வந்துவிடுவாள். கடைசி அத்தியாயத்தில் வாந்தி எடுப்பாள். அவ்வளவுதான், வாந்தி எடுத்துவிட்டால் அதுவரைக்கும் வாங்கிய அடியெல்லாம் தள்ளுபடி.

இப்படிக் கிண்டலடிக்கிறவள்தான் அழவேண்டிய இடம் வந்தால் குரலை உடைத்து நிஜமாகவே அழுவாள். அந்த அழுகைக்குத்தான் காசு.

கதவுக்கு வெளியே யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்த அக்கா மணிமொழி, 'பளார்' சத்தத்துக்கு நிமிரவில்லை. கேட்டிருக்கும். வலது காது நன்றாகத்தான் கேட்கிறது. இடது காதில்தான் செவிப்பறை கிழிந்திருக்கிறது.

போன மாசம் கட்டிக்கொடுத்த ஊரான காடாம்புலியூரிலிருந்து ஒரு பக்கத் தலையை முந்தானையால் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அடித்தது புருசன் செங்குட்டுவன். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா சாமியம்மாள் முந்திக்கொண்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றாள். மணிமொழி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகி நாலு வருசம், பிள்ளை இல்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்தை விட்டுப் பார்க்கிற சோதனை எல்லாம் மணிமொழிக்குத்தான். ஆம்பளைக்கு எதுக்கு என்று செங்குட்டுவன் கேட்டதோடு அவன் பக்கத்துப் பேச்சு முடிந்தது. தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி தரிசனமும் பார்த்துவிட்டு வந்தார்கள். பிள்ளை வரவில்லை. அவனுக்குக் கைநீட்டுகிற பழக்கம்தான் வந்தது.

மணிமொழியும் தங்கை வாசிக்கிற கதைகளைக் கேட்கிறவள்தான். வலது காதோடு போனைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்பாள். ஒருநாள், "கடைசியில அவன் மாறிடுவான்ல?" என்று கேட்டாள்.

"கதையில மாறுவான்" என்றாள் இசைப்பிரியா. அக்கா போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள். இவள் திரும்பிப் போய்விடுவாள், போனால் அடுத்த காதும் போய்விடும் என்று இசைப்பிரியா பயந்தாள்.

அப்பா ராமலிங்கத்துக்கும் அவளை அனுப்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. முப்பது வருசம் மைன்ஸில் கான்ட்ராக்டில் கிடந்து, ரிட்டயர் ஆகப்போகிற வயசில் பெர்மனென்ட் ஆன மனுசன். பொறுத்தால் கிடைக்கும் என்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அதை அடி வாங்குகிற பெண்ணுக்கும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். செங்குட்டுவன், அவன் அம்மா வீரம்மாள், தாய்மாமன் சிங்காரவேல். சிங்காரவேல் தோளில் ஒரு பெரிய பலாப்பழம். அதை ஹாலில் இறக்கி வைத்துவிட்டு அவர்தான் ஆரம்பித்தார். தொழிலாளிக்கும் மேனேஜ்மெண்டுக்கும் சண்டை வராதா, வந்தால் மைன்ஸை மூடிவிடுகிறார்களா என்று கேட்டார். ராமலிங்கம் தலையாட்டினார். சாமியம்மாள் காபி கொண்டுவந்தாள். செங்குட்டுவன், காபியில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னான்.

வீரம்மாளின் விரல்களெல்லாம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோலுரிந்திருந்தன. கொட்டாயில் உட்கார்ந்து முந்திரி உடைக்கிறவள். அவள் மணிமொழியை விட்டுவிட்டு இசைப்பிரியாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏம் பாப்பா, நீ படிக்கிற கதையதான் நாங்க கொட்டாயில கேட்டுக்கினு கொட்ட ஒடைக்கிறோம். போன மாசம் வந்துதே ஒண்ணு, அந்தப் பொண்ணு புருசங்கிட்டயே திரும்பிப் போச்சே, அன்னிக்கி ஒருத்திக்கும் கை ஓடல. அத்தன பேரும் அழுதுக்கினு குந்தியிருந்தோம். மன்னிக்கிறவதான் பொண்ணுன்னு எவ்ளோ அழகா சொன்ன? ஊருக்குச் சொன்னது உங்கக்காளுக்கு ஆவாதா?"

இசைப்பிரியாவுக்கு முகம் எரிந்தது. அதை எழுதியது வேறு யாரோ. ஆனால் 'பெண்' என்கிற இடத்தில் குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டது அவள். நன்றாக வந்திருக்கிறது என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதும் அவள்தான். அந்த நடுக்கம் முந்திரிக் கொட்டாய் வரைக்கும் போய், அத்தனை பேரையும் அழவைத்து, இப்போது அக்காளை இழுத்துக்கொண்டு போக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வெளியே வரும். அக்காவுக்கு எல்லாச் சோதனையும் செய்தாகிவிட்டது, எதிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது, மாமா ஒரு சோதனையாவது எடுத்தாரா என்று கேட்டாள். முதலில் அவர் டெஸ்ட் எடுக்கட்டும், குறை யாரிடம் என்று தெரியட்டும், அப்புறம் கூப்பிட வாருங்கள் என்றாள். சிங்காரவேல் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். பொட்டப்புள்ளையைப் படிக்க வைத்தால் இதெல்லாம் கேட்கத்தான் வேண்டும் என்றார். சாமியம்மாள் மகளின் கையைக் கிள்ளினாள்.

செங்குட்டுவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"எடுக்கறேன். எங்கிட்ட குறை இல்லன்னு வந்துட்டா அவ வருவாளா?"

மாப்பிள்ளை நியாயமாகத்தான் பேசுகிறார் என்றார் ராமலிங்கம். அவர் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து நின்ற சிங்காரவேலும் திரும்ப உட்கார்ந்து, புதன்கிழமையே கடலூருக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றார். எல்லாரும் இசைப்பிரியாவைப் பார்த்தார்கள். அவள் போட்ட கணக்குத்தானே. அவனிடம் குறை என்று வந்தால் அக்கா ஜெயித்தாள். வராவிட்டால்? தன் வாயாலேயே அக்காளைப் பணயம் வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மணிமொழி கொக்கி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்தாள். வலது காது அவன் பக்கம் வருகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தாள்.

"உங்க மேல குறை இல்லன்னு வந்துட்டா நீங்க அடிச்சது சரியாயிடுமா?"

"இப்ப அடிச்சதப் பத்தியா பேச்சு?"

"அதப் பத்திதான். அதப் பத்தி மட்டும்தான்."

அப்புறம் தங்கையைப் பார்த்தாள். "நீயும் சும்மா இருடி. அவங்க தராசுலதான் நீயும் நிறுக்கிற. எங்கிட்ட குறைன்னு டாக்டர் சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப? வாயப் பொத்திக்கினு என் துணிய மூட்ட கட்டிக் குடுத்திருப்பியா?"

இசைப்பிரியாவை இதுவரை யாரும் இப்படி அறைந்ததில்லை.

ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் அடங்கிப்போய்விடும், அவன் அப்பனும் அப்படித்தான் இருந்தான், இவன் பிறந்ததும் அடங்கினான் என்று வீரம்மாள் தணிந்த குரலில் ஆரம்பித்தாள். அவள் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. மணிமொழி முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குப் புள்ள ஆசை இருக்குது அத்த. இல்லன்னு சொல்லல. தெருவுல எந்தக் கொழந்த போனாலும் என் கண்ணு பின்னாலயே போவுது. அது என் ஆச. அதக் காட்டிக்காட்டி என்ன இழுத்துக்கினு போவாதீங்க. நான் வரல."

நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன் என்று ராமலிங்கம் முனகினார்.

"அவன் அடிச்சான், எம் பொண்ணு வந்துட்டான்னு சொல்லுங்கப்பா. வழுக்கி வுழுந்தான்னு சொல்லாதீங்க."

சாமியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். செங்குட்டுவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வீரம்மாள் வாசற்படியில் ஒருதரம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போனாள். போன சிங்காரவேல் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் பலாப்பழத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

மணிமொழி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளே தைத்துச் சம்பாதித்து வாங்கிய தையல் மெஷின் காடாம்புலியூரில் கிடக்கிறது, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றாள். கோபத்தில் அதைத் தூக்கி வீசிவிடுவானே என்ற பயம் அவளுக்கு. இசைப்பிரியா பக்கத்து பிளாக்கில் லோடு ஆட்டோ ஓட்டுகிற பழனிவேலுக்குப் போன் போடும்போதே இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. சேனல் நடத்துகிற சுப்புலட்சுமி. கடைசி அத்தியாயம் எங்கே, ஜனங்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். நாயகி திரும்பிப்போய் வாந்தி எடுக்கிற அத்தியாயம்தான்.

இசைப்பிரியா, அதை வாசிக்க முடியாது என்றாள். நீ இல்லாவிட்டால் இன்னொருத்தி, சாயங்காலத்துக்குள் வாசித்துக் கொடுத்துவிடுவாள் என்றாள் சுப்புலட்சுமி. அது உண்மைதான் என்று இசைப்பிரியாவுக்கும் தெரியும்.

"வாசிக்கட்டுங்க. என் தொண்டையில வேணாம்."

காடாம்புலியூரில் செங்குட்டுவன் வீட்டில் இல்லை. தெருவே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தது. வீரம்மாள் கதவை மறித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் ஒதுங்கினாள். அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மெஷினின் கால்மிதி வாசல் நிலையில் இடித்துக்கொண்டது. வீரம்மாள் குனிந்து அதைச் சாய்த்துவிட்டாள். பிறகு உள்ளே போய், நூல் சுற்றுகிற பாபின் டப்பாவைக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பழனிவேல் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, நேராக வீட்டுக்குத்தானே என்று கேட்டார். இசைப்பிரியா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மணிமொழி முந்திக்கொண்டாள்.

"வழியில மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தணும்ண்ணே. எல்லாத்தையும் சொல்லி எழுதிக் குடுக்கணும், நேரமாவும். நீங்க வெயிட்டிங் சார்ஜ் போட்டுக்குங்க."