திறவாப் பேழை

மாலை வெயில் ஓட்டுக்கூரைகளில் சரிந்து, கடைக் கண்ணாடிகளில் பொன் பூசி, பணி முடிந்து மீள்வோரின் நிழல்களைத் தெருவெல்லாம் நீட்டிக்கொண்டிருந்த வேளை. தெருக்கோடியில், அச்சகத்தின் மேல்மாடியில் அமைந்த தச்சுப்பட்டறையிலிருந்து இழைப்புளியின் சீறலும் புதுமரத்தின் மணமும் படியிறங்கி வந்தன. மூடியுள்ள சிறு பேழை ஒன்றைத் தம் கையாலேயே செய்யும் விருப்பத்தோடு நடுவயதினர் சிலர் அங்கே தச்சு பயின்றனர். அவர்களுள் ஒருவரை, கற்றறிந்த நண்பரே, உமக்குக் காட்டுவோம். காட்டத்தக்க பெருமை அவரிடம் உண்டென்பதற்காக அன்று.

ஊரார் அவருக்கு இட்ட பெயர் குறைகாணி. ஆலையில் நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுவதே அவர் பார்த்த பணி. வாழ்நாளில் ஒரு முழம் நெய்தறியாத அவர் நெய்தவர் அனைவரையும் இகழ்ந்தார். ஓய்வு பெற்றபின் சோற்றையும் சுவரையும் அண்டைவீட்டார் நடையையும் இகழ்ந்தார். அத்தகையவரிடம் அவருடைய ஒரே மகள், பணியின்பொருட்டுக் கடல் கடக்குமுன், மறைந்த தாயின் வளையல்களை வைக்க அப்பா கையால் ஒரு பேழை வேண்டும் என்றாள். அவரிடம் அவள் எதையும் கேட்டுப் பழகியவள் அல்லள். ஆகவே மறுக்க இயலாமல் வாக்களித்துவிட்டார்.

"ஆறு பக்கத்தையும் முதல்ல ஒட்டிடுங்க," என்றார் பட்டறையை நடத்திய அம்மையார். "காஞ்சதும் மேல கோடு போட்டு சுத்தி அறுத்தா, மூடி தனியா வந்திடும். அப்பத்தான் ரெண்டும் பொருந்தும்."

குறைகாணி இழைத்தார், இழைத்ததையே மீண்டும் இழைத்தார். பக்கத்தில் பயின்ற பேருந்து ஓட்டுநரின் பலகைகளைக் கண்டு, "இது பெட்டியா, உன் பழைய பஸ்ஸா? இந்த ஆட்டம் ஆடுது!" என்று எள்ளினார். தம் பேழையின் கடைசிப் பலகையை ஒட்டி முடித்தபோது கரிக்கோலைக் காணவில்லை.

"நீதானய்யா என் பென்சில எடுத்தே?"

ஓட்டுநர் காதில் செருகியிருந்த தம் கரிக்கோலை நீட்டினார். "நான் எடுக்கல சார். இத வச்சுக்கங்க."

முனை மழுங்கியது என்று முகஞ்சுளித்தபடியே அதையும் வாங்கிக்கொண்டார்.

ஓட்டுநர் அறுத்த கோடு குடித்தவன் நடைபோல் வளைந்து சென்றது. ஆயினும் மூடியைத் திருப்பி வைத்தபோது, கோணல் கோணலோடு அழகாகப் பொருந்திவிட்டது. எல்லோரும் கைதட்ட, ஓட்டுநர் சிறுபிள்ளையாய்ச் சிரித்தார். அடுத்து ஈர்வாளை ஏந்திய குறைகாணி, தாம் போட்ட கோட்டில் அதை வைக்கவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரோ ஆடாமலே, வாளின் பல் கோணல், மேசை கோணல் என்று பழித்துவிட்டு, மூடிய பேழையை வீட்டுக்குத் தூக்கிவந்தார். வந்தபின்னும் அறுக்கவில்லை. பிறர் கையை அளந்தே மூத்த அந்தக் கண்ணுக்குத் தம் கை தவறுவதைக் காணும் துணிவில்லை.

மகள் புறப்படும் காலை வந்தது. அவள் பேழையை ஆவலோடு கையிலெடுத்தாள். உள்ளே ஏதோ கடகடவென உருண்டது.

"என்னப்பா இது சத்தம்?"

குறைகாணியின் முகம் வெளுத்தது. "பென்சில்," என்றார்.

"டிரைவர் திருடிட்டார்னு சொன்னீங்களே, அந்தப் பென்சிலா?" அவள் சிரிக்கவில்லை. வாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இப்பவே அறுங்கப்பா. பென்சில அவர்கிட்ட காட்டி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கோணலா வந்தாலும் பரவால்ல. எனக்கு இதுதான் வேணும்."

அவர் வாளைக் கோட்டின்மேல் வைத்தார், எடுத்தார், வைத்தார். "மரம் இன்னும் சரியா காயலம்மா."

வாசலில் வண்டி கூப்பிட்டது. மகள் தாயின் வளையல்களைப் பழந்துணியொன்றில் முடிந்துகொண்டாள். ஏதேனும் சொல்லி அவளை நிறுத்த அவர் நெஞ்சு துடித்தது. வாய் திறந்தபோது வந்ததோ, "அந்தத் துணியில ஒரு இழை அறுந்திருக்கு" என்பதே.

"தெரியும்ப்பா," என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

ஒரு மயிரிழை பிசகும் இல்லாத அந்தப் பேழை இன்றும் அவர் மேசைமேல் இருக்கிறது. காண்போர் வியக்கின்றனர், அவர் மகிழ்வதில்லை. தூசு துடைக்க எடுக்குந்தோறும் உள்ளே அக்கரிக்கோல் உருள்கிறது. அவரும் அது அடங்கும்வரை அசையாமல் நின்று, பின் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்.