பிரசவத்துக்கு வளர்த்த கோழிகள்

மியாவ்லி மலையடிவாரத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் முழுக்கக் கோழிதான் சாப்பாடு. எள்ளெண்ணெயில் இஞ்சியோடு வதக்கி, அரிசி மது ஊற்றி வேகவைப்பார்கள். அதனால் வயிற்றில் பிள்ளை தங்கியதுமே கொல்லையில் குஞ்சுகள் வந்து இறங்கிவிடும்.

கூன்ஷெங்கும் பன்னிரண்டு குஞ்சுகள் வாங்கினான். போன தடவை மனைவிக்குக் கரு கலைந்த பயம் அவனுக்குள் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவன்? ஒன்பது வயது மகள் யுன்லானைக் கூப்பிட்டான்.

“இதுங்க உன் பொறுப்பு. நீ உடம்பு வணங்கி வேலை செஞ்சாத்தான் தம்பி நல்லபடியா வருவான். எல்லாம் உன் கையிலதான் இருக்கு.”

அன்றிலிருந்து விடியலில் வள்ளிக்கிழங்கு இலையை நறுக்கித் தவிட்டில் பிசைந்தாள், கூட்டைச் சுரண்டிக் கழுவினாள். சிணுங்கினால், “உன்னைவிட அந்தச் சேவல் சுறுசுறுப்புடி” என்பான் அப்பன். பிள்ளைக்கு உழைப்பின் அருமை தெரிந்துவிட்டதென்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அறுவடை மாதத்தில் குழந்தை பிறந்தது. அழவில்லை. மருத்துவச்சி தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். மூச்சே இல்லை.

பிள்ளை போனாலும் பெற்ற உடம்பு பெற்ற உடம்புதானே. மூன்றாம் நாள் கூன்ஷெங் முதல் கோழியை அறுத்து அடுப்பில் ஏற்றினான். அந்த வாசனை வந்தால் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றுதான் பிறந்த வீட்டிலிருந்து திரும்பியிருந்த பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்.

“ஏய் யுன்லான்! தம்பியா, தங்கச்சியா?”

“செத்துப்போச்சு அத்தை. என்னாலதான்.”

கூன்ஷெங்கின் கரண்டி நின்றது. மகளை உள்ளே இழுத்தான். “என்னடி உளர்றே?”

“பொம்மலாட்டம் பாக்கப் போன அன்னைக்குக் கூடு கழுவலப்பா. கழுவிட்டேன்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறந்தானே ஒரு கோழிக்குச் சீக்கு வந்துச்சு?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடி.”

“எல்லாம் என் கையிலதான் இருக்குன்னு நீதானே சொன்னே?”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்பன் சொன்னது பொய்டி. எனக்குப் பயமா இருந்துச்சு. என்னால ஆகிறது ஒண்ணுமில்ல. அதான் உன் தலையில கட்டிட்டேன்.”

யுன்லான் கேட்டாள்: “என் தப்பில்லன்னு அம்மாவுக்குத் தெரியுமா? காலையில கஞ்சி கொண்டுபோனேன். என்னைப் பாக்காம சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டாங்க.”

கிண்ணத்தில் கறியும் சாறும் ஊற்றி அவள் கையில் கொடுத்து, உள்ளறைக்குக் கூட்டிப்போனான். மனைவி சுன்கியாவ் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்தான் இறங்கியிருந்தது.

“பிள்ளை போனது தன்னாலதான்னு நெனைச்சிட்டிருக்கா, நம்ம பொண்ணு” என்றான்.

சுன்கியாவ் திரும்பினாள். மகளையே பார்த்தாள். கையூன்றி எழுந்து, கிண்ணத்தை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கறியையும் மென்று விழுங்கினாள். கண்ணீர் கிண்ணத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

“நல்லாக் கொழுக்க வளத்திருக்கேடி, கண்ணு.”

மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத யுன்லான், அம்மாவின் மடியில் விழுந்து வீடே அதிர அழுதாள்.