ஒரு நாள் பிந்திப் படைத்த சோறு

றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் புதிதாக வந்த ஐயர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளைக்கு எப்ப உயிர் பிரிஞ்சது?"

தம்பி ஜதுர்சனின் ஆண்டுத் திவசத்துக்கு நாள் கேட்க நிரூபாவும் தாயும் போயிருந்தார்கள். "மத்தியானம்," என்றாள் நிரூபா. ஆஸ்பத்திரிப் பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அன்றைக்குச் சூரியன் உதித்த கையோடு அமாவாசை முடிந்துவிட்டதாம். மத்தியானம் என்றால் பிரதமை. இவ்வளவு காலமும் செய்துவந்த திதி சரிதான் என்றார். நிரூபா தட்சணையை வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

காருக்குள் ஏறிய தாய் மங்கையற்கரசி சீற் பெல்ற்றைப் போடவில்லை.

"நாள் பிழை, பிள்ளை."

"ஏனம்மா? ஐயரே சரியெண்டுதானே சொன்னவர்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த கையோட அவன்ர காலைப் பிடிச்சனான். விறைச்சுப்போய்க் கிடந்தது. மத்தியானம் போன பிள்ளைக்கு அதுக்குள்ள அப்பிடி விறைக்குமே? ஊரில எத்தினை சாவைப் பாத்தனான்."

"இவ்வளவு வருசமும் ஏனம்மா சொல்லேல்லை?"

"ஆர் என்னைக் கேட்டது?"

வீடு வந்து சேரும்வரை தம்பியின் அந்தக் கால்தான் நிரூபாவின் கண்ணுக்குள் நின்றது.

ஜது நகர நடுவில், டவுன்ரவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தான். இரண்டாம் வருடம் பிரற்றேனிற்றி ஒன்றில் சேரப் போனான். பெடியன்கள் கூடிப் பழைய வீடொன்றை எடுத்து, வாசலில் கிரேக்க எழுத்தை மாட்டி, ஒருவரை ஒருவர் 'பிரதர்' என்று கூப்பிட்டுக்கொள்ளும் கூட்டம் அது. சொந்த அக்காவின் போனை எடுக்கப் பஞ்சிப்படுகிறவன், பிரதர்மார் கூப்பிட்டால் கொட்டும் பனியிலும் ஓடுவான். ஏனென்று கேட்டதற்கு, "எங்கட வீட்டில ஆம்பிளைப் பிள்ளை நான் ஒருத்தன்தானே, அதுதான்," என்று இளித்தான். புதுப் பெடியன்களைச் சேர்த்துக்கொள்ளும் விருந்துக்கு மறுநாள் அவன் பிணமாக ஆஸ்பத்திரிக்கு வந்தான். குடி உடம்பில் ஏறிப்போனதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. விடிந்த பிறகும் குறட்டை விட்டான், நித்திரையில் போய்விட்டான், மத்தியானம் எழுப்பப் போனபோதுதான் தெரியவந்தது என்று பிரதர்மார் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கொள்ளி வைத்த சச்சிதானந்தன் சித்தப்பா, குடும்ப மானத்துக்காக, 'ஹார்ட் அற்றாக்' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

நாள் பிழை என்று நிரூபா போய்ச் சொன்னபோதும் அவர் மசியவில்லை. "உதை ஏன் பிள்ளை கிண்டுறாய்? ஒரு நாள் முந்திப் பிந்தினால் என்ன?"

"அம்மா அவனுக்குச் சமைச்சு வைக்கிறது வருசத்தில ஒருநாள், சித்தப்பா. அதுவும் பிழையான நாளெண்டால் அவன் ஆரிட்டைப் போய்ச் சாப்பிடுறது?"

நிரூபாவுக்கு மிசிசாகாவில் காப்புறுதிக் கம்பனியில் வேலை. பொய்யான விபத்துக் கதைகளைத் துருவித் துருவியே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் குணத்தை இப்போது தம்பிக்காகக் கையில் எடுத்தாள். விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டாள். பேஸ்புக்கில் கிடந்த பிரதர்மாரின் பழைய படங்களில் முகம் முகமாகப் பார்த்துப் பெயர்களைத் தேடினாள். ஒருவன் போனை அடித்து வைத்தான். ஒருவன் தன் வழக்கறிஞரின் இலக்கத்தைத் தந்தான். இன்னொருவன், மனதைத் தேற்றிக்கொள்ள நல்லதொரு கவுன்சிலரைப் பார்க்கும்படி புத்தி சொன்னான். அவனை என்ன செய்தால் தகும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அகப்பட்டவன் மாக்கஸ். ஜதுவோடு சேர்ந்து அன்றைக்குப் பிரற்றேனிற்றிக்குள் எடுபட இருந்த மற்றப் புதுப் பெடியன். இப்போது அவள் வேலைசெய்யும் கந்தோரிலிருந்து கூப்பிடு தூரத்தில் குளியலறை ஓடுகள் விற்கும் கடை வைத்திருந்தான். ஒரு மத்தியான இடைவேளையில் நேரே போய் நின்றாள்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. தம்பியின் பெயரைச் சொன்னதுமே அவன் முகம் செத்துவிட்டது.

"பொலிசுக்குச் சொன்னதைவிட என்னிடம் ஒன்றும் இல்லை."

"யார் ஊற்றிக் கொடுத்தது என்று கேட்க வரவில்லை. எப்போது என்று மட்டும் சொல். சூரியன் உதிக்க முன்னமா, பிறகா?"

அவன் விளங்காமல் பார்த்தான். "அதில் என்ன இருக்கிறது?"

நிரூபா திதியைப் பற்றிச் சொன்னாள். அம்மா அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் பாயாசமும் வைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவன் வந்து சாப்பிடுவான் என்று காத்திருப்பதைச் சொன்னாள். நாள் பிழைத்தால் அவன் பசியோடு திரும்பிவிடுவான் என்று அம்மா நம்புவதையும் சொன்னாள்.

மாக்கஸ் கதவில் தொங்கிய பலகையைக் கடை பூட்டு என்று திருப்பினான்.

"உதிக்க முன்னம்," என்றான். "நிலவறைச் சோபாவில் அவனைக் கிடத்திவிட்டு என்னைக் காவல் இருக்கச் சொன்னார்கள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று நின்றுவிட்டது. நான் மேலே ஓடிப்போய் அம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன். பொறு என்றார்கள். போத்தல்களைப் பொறுக்கி, நிலத்தைக் கழுவி, என்ன சொல்வது என்று எல்லோரையும் பாடமாக்க வைத்தார்கள். நான் போத்தல் மூட்டையோடு வெளியே போனபோதுதான் சூரியன் வந்தது. பிறகும் மத்தியானம்வரை கூப்பிடவில்லை."

அவன் அழுதான். நிரூபாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எல்லோரும் யார் பிழை என்றுதான் கேட்டார்கள்," என்றான். "அவனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை."

அன்று மாலை யூனியன்வில் வீட்டில் நிரூபா எல்லாவற்றையும் தாயிடம் சொன்னாள். மங்கையற்கரசி அடுப்பை அணைத்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் பிள்ளை முதல்நாள் வந்து, பாத்திட்டுப் பட்டினியாப் போயிருக்கிறான்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த முறை அமாவாசையிலதான் திவசம், அந்தப் பெடியனையும் வரச் சொல்லு," என்றார்.

மாக்கஸ் வந்தான். வாசலில் நிறைந்து கிடந்த சப்பாத்துகளுக்கு நடுவே தன்னுடையதை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் தடுமாறினான். ஐயர் மந்திரம் சொல்ல, சித்தப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். படத்துக்கு முன்னால் இலை படைத்து முடிந்ததும் மங்கையற்கரசி அடுத்த இலையை மாக்கஸுக்குப் போட்டார். அவன் இரண்டு வாயோடு கையை எடுத்தான். அவர் பக்கத்திலேயே நின்று குழம்பை விட்டார், பாயாசத்தை விட்டார், இலை வழித்துத் துடைக்கும்வரை நகரவில்லை.

அவன் கை கழுவி வந்ததும் கூடத்தின் நடுவில், ஜதுவின் படத்துக்கு நேரே ஒரு கதிரையைப் போட்டார். வந்திருந்த சனம் திரும்பிப் பார்த்தது. நிலைமையை விளங்கிக்கொண்ட சித்தப்பா புறப்படக் கார்த் திறப்பை எடுத்தார்.

"இருங்கோ தம்பி," என்றார் மங்கையற்கரசி. "நீங்களும் கேக்க வேணும்."

சித்தப்பா இருந்தார்.

"யூ ரெல்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாக்கஸிடம் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "நிரூபா, அவன் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில சொல்லு. இண்டைக்குத்தான் என்ர பிள்ளை சரியான நாளுக்கு வந்து சாப்பிட்டிட்டு இருக்கிறான். அவனும் கேக்கட்டும்."