நாலு செக்கன்

கனகசிங்கம் டைப் அடித்த கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அதில் இருந்த ஒரு சொல்தான் அழகரத்தினத்தை மாட்டிவிட்டது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் ஓர் அலைப்பெட்டி இருந்தது. எந்த வடிவத்தில் மின் அலை கேட்டாலும் தரும். வேகமான அலை என்றால் சொன்ன பேச்சுக் கேட்கும். பத்துச் செக்கனுக்கு ஒன்று என்று மெதுவாகக் கேட்டால் இழுபடும். அதைக் கல்லடியில் திருத்துகிற ஆளிடம் கொண்டுபோகத்தான், ஆய்வுகூடக் கருவிகளுக்குப் பொறுப்பான கனகசிங்கம், சிற்றூழியரான அழகரத்தினத்தை அனுப்பினார். ‘குறைந்த வேகத்தில் டைமிங் பிழைக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார். சோதனைச்சாவடிச் சிப்பாய்க்கு அதில் ‘டைமிங்’ மட்டும்தான் விளங்கியது. பெட்டியில் வயர் வேறு தொங்கியது. போதாதா?

மூன்றாம் நாள், அழகரத்தினத்தைப் பிடித்து வைத்திருந்த இராணுவ முகாமுக்குக் கனகசிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பயம் வரவில்லை. இப்படிப் போய்ப் போய்ப் பழகி, உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அழகரத்தினம் கண்ணில் படவில்லை. மேசையில் பெட்டி மட்டும் இருந்தது.

“இது குண்டு வைக்கிற டைமர் தானே?” அதிகாரிக்கு அரைகுறைத் தமிழ்.

“இல்ல சேர். இதுக்கு நேரம் சரியாப் பிடிக்கத் தெரியா. அதத் திருத்தத்தான் அனுப்பின.”

“காட்டு. பிழை இருந்தா ஆள் போகலாம்.”

பெட்டியில் ஒரு சின்ன பல்பைத் தொடுத்து, பத்துச் செக்கனுக்கு ஒருதரம் எரிய வைத்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பல்பு பத்துத் தரம் எரிந்தது. பத்தும் சரி. இத்தனை நாளும் மானத்தை வாங்கிய பெட்டி, பிழைக்க வேண்டிய நேரத்தில் நல்ல பிள்ளையாகிவிட்டது.

“எங்க பிழை?”

“உள்ள அலை புள்ளி புள்ளியா இருக்கு சேர். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரத்த வெட்டிக் குடுக்கக்குள்ள தூசளவு கூடிப் போகுது. சேந்தாத்தான் தெரியும். ஒரு மணித்தியாலம் தாங்க.”

தந்தார். இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். சன்னலுக்கு அப்பால் வாவியில் ஒரு தோணி நின்ற இடத்திலேயே நின்றது. பதினைந்து வருடமாகப் பிழை பிடித்துப் பிழை பிடித்தே தலை நரைத்த மனுசன், ‘பிழைச்சுப் போ, பிழைச்சுப் போ’ என்று பெட்டியை மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பல்பு முந்நூற்று அறுபதாவது தரம் எரிந்தது.

“நாலு செக்கன் லேட்,” என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்து.

“அதுதான் சேர்! நான் சொன்னனே!” கனகசிங்கம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

அதிகாரி சிரித்தார். கோபமே இல்லை. “நாலு செக்கன். குண்டு நாலு செக்கன் லேட்டா வெடிச்சா, பஸ்ஸில இருக்கிற ஆள் சாகாதா?”

கனகசிங்கம் திரும்பவும் கதிரையில் இருந்தார். அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை.

“பெட்டி அரசாங்கச் சாமான், கொண்டு போ. ஆள் இருக்கட்டும்.”

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அழகரத்தினத்தின் மனைவி அன்னப்பூரணி சோற்றுப் பார்சலோடு நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் யாரும் இறங்குகிறார்களா என்று பார்த்தாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

“அவர் எங்க, அண்ணன்?”

“கொஞ்சம் சுணங்கும் தங்கச்சி.”

“எவ்வளவு நேரம்?”

நாலு செக்கனைக் காட்ட ஒரு மணித்தியாலம் காவலிருந்த மனுசன், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.