ஆறாவது தட்டு

வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. அதற்குள் இருபத்தோரு வருஷத்து எண்ணெயைப் படம் பிடித்து முடிக்க வேண்டும்.

கம்பெனி அவளுடைய மாமாவுடையது; அவர் அம்மாவின் அண்ணன். கெட்டில் என்ற பெரிய கொப்பரையில் எண்ணெய் கலப்பவர் அப்பா. வேதியியல் படித்து முடித்த கையோடு அவளை லேப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். மெஷின் எண்ணெய், கியர் எண்ணெய், கிரீஸ் என்று எது போனாலும் டிரம்மின் மேல் முக்கோணமாக மூன்று சொட்டு இருக்கும். பட்டறைக்காரர்கள் கம்பெனி பேரைச் சொல்லிக் கேட்பதில்லை. "மூணு சொட்டு குடு" என்பார்கள். அந்தச் சொட்டுகளை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய மாமா தன் பேரில் விண்ணப்பித்திருந்தார். இன்னொரு கம்பெனி ஆட்சேபம் தெரிவித்திருந்தது. அவர்களும் மூன்று சொட்டுதான் போடுகிறார்களாம். மாமாவின் கம்பெனி நடுவில் அந்தக் குறியைக் கைவிட்டுவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டதாம்.

"கைவிட்டோமாம்" என்றார் மாமா, லேப் வாசலில் நின்றுகொண்டு. "எவனோ உள்ள இருக்கிறவன்தான் வாய விட்டிருக்கான். யாருன்னு தெரியட்டும்." பிறகு குரலை இறக்கினார். "லேப் மேடம், ஒவ்வொரு வருஷத்துக்கும் நாலு பாட்டில் படத்துல தெளிவா விழணும். ஒரு மாசம்கூட விடாம ஓட்டினோம்னு வக்கீலம்மாகிட்ட நீதான் எழுதிக் குடுக்கப் போற."

"நீங்க குடுத்தா போதாதா மாமா?"

"ஓனர் சொன்னா யார் நம்புவா? படிச்ச பொண்ணு சொன்னா எடுபடும்."

ஒவ்வொரு கெட்டில் எண்ணெயிலும் ஒரு பாட்டில் எடுத்து வைப்பது வழக்கம். நாளை யாராவது இந்த எண்ணெயால் மெஷின் கெட்டது என்று வந்து நின்றால் எடுத்துக் காட்டுவதற்கு. மற்ற கம்பெனிகளில் இரண்டு வருஷம் போனதும் கொட்டிவிடுவார்கள். இங்கே அப்பா கொட்ட விடமாட்டார். லேப்பின் பின்னறையில் வருஷத்துக்கு ஒரு தட்டு என்று ஜன்னல் இல்லாத சுவர் முழுக்க பாட்டில்கள். புதியவை தண்ணீர் போல. பழையவை போகப்போக இளம் தேநீராகி, தேநீராகி, முதல் தட்டில் ஏறக்குறைய கறுப்பாகிவிட்டிருந்தன. எண்ணெய்க்கும் வயது தெரியும் என்பது அந்த அறையில் விளக்கைப் போட்டதும் புரியும்.

பழைய தட்டுகளை இதற்கு முன் அவள் உற்றுப் பார்த்ததில்லை. ஆறாவது தட்டுக்கு வந்தபோது கேமராவை இறக்கினாள்.

அந்தத் தட்டில் இடப்பக்கம் நாலைந்து பாட்டில்கள் இருக்கவேண்டிய நிறத்தில் இருந்தன. மற்றவை வெளுத்திருந்தன. ஐந்தாவது தட்டும் ஏழாவது தட்டும் கறுத்துக் கிடக்க, நடுவில் இவை மட்டும் தலைக்குச் சாயம் பூசிய கிழவர்களைப் போல நின்றன. வெளிச்சம் பட்டால் எண்ணெய் வெளுக்காது, கறுக்கும். இங்கே வெளிச்சமே இல்லை. ஒன்றைக் கையில் எடுத்தாள். உடம்பில் தூசி இருந்தது. கழுத்தில் இல்லை. லேபிளில் பதினாறு வருஷத்துக்கு முந்தைய தேதி, அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு அந்த எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நாற்பது டிகிரியில் ஒரு தடவை, நூறு டிகிரியில் ஒரு தடவை, அது இறங்கும் நேரத்தை அளந்தாள். பிறகு போன மாதத்து பாட்டிலை அளந்தாள். இரண்டும் ஒன்றாக வந்தன. நம்பாமல் இன்னொரு தடவை செய்தாள். மூல எண்ணெய் வாங்கும் இடத்தை மாமா மாற்றி இரண்டு வருஷம்தான் ஆகிறது; அதற்கு முந்தைய எண்ணெய் இப்படி இறங்காது. பதினாறு வருஷத்துக்கு முந்தைய பாட்டிலுக்குள் போன மாதத்து எண்ணெய் இருந்தது.

பின்னறைச் சாவி இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது அப்பாவிடம்.

அன்று மீதி நேரம் முழுக்க அப்பாவைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிலிலிருந்து மாதிரி எடுத்தார். மூடியை இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் மேலே ஏறுவதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். குமிழ் ஏறும் வேகத்தில் எண்ணெயின் கனம் அவருக்குத் தெரியும். வீட்டில் தேன் பாட்டிலைக்கூட அப்படித்தான் கவிழ்ப்பார். அம்மா திட்டுவாள். இத்தனை வருஷமாக அவளுக்குச் சிரிப்பு வரவழைத்த அந்தக் கை இன்று வேறு யாருடையதோ போல இருந்தது. எதிர்க் கம்பெனிக்குச் சொன்னவர் இவரேதானா? அப்படியென்றால் பாட்டிலை ஏன் மாற்ற வேண்டும்? மாற்றியவர் ஏன் சொல்ல வேண்டும்? கணக்கு எந்தப் பக்கமும் நேராகவில்லை.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் அப்பா வழக்கம்போல் மற்றவர்கள் உட்காருவதற்குள் முக்கால் தட்டை முடித்திருந்தார்.

"ஆறாவது தட்டு பாட்டிலை யாருப்பா மாத்தினது?"

அம்மாவின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. அப்பா மென்று விழுங்கினார்.

"நான்தான். மச்சான் சொன்னார். அங்க காலியா இருந்தா படத்துல நல்லா இருக்காதுன்னார். பழைய காலி பாட்டில்ல ஊத்தி வச்சேன்."

"பார்த்த உடனே தெரியுதுப்பா. ரெண்டு நாள் அடுப்புல காய்ச்சியிருந்தா கறுத்திருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." அவர் கொஞ்சம் கூச்சப்பட்டது போல இருந்தது. "நம்ம சொட்டு ஒட்டின பாட்டில்ல கெட்டுப்போன எண்ணெய ஊத்த கை வரல பாப்பா."

வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"சரி, அப்போ அந்த வருஷத்து உண்மையான பாட்டிலெல்லாம் எங்க?"

"அந்த வருஷம் உங்கப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தாரே" என்றாள் அம்மா, கேட்காத கேள்விக்கு அவசரமாக. "உனக்கு ஏழு வயசு. நினைவில்லையா?"

நினைவிருந்தது. அப்பா எட்டு மாதம் கப்பலில் இருந்தார். திரும்பி வந்தபோது வண்ணப் பென்சில் பெட்டி கொண்டுவந்தார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு தெருமுனைக் கடையுடையது. வீட்டுக்கு வரும் வழியில் வாங்கியிருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும் அம்மா "கப்பல்ல பழகினது" என்பாள். வேகவேகமாகச் சாப்பிடுவது. போர்வையைச் சின்னச் சதுரமாக மடித்துத் தலைமாட்டில் வைப்பது. உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் தூங்க மாட்டாமல் எழுந்து வருவது. கப்பலைப் பற்றி அவர் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. கடலின் நிறத்தைக்கூடச் சொன்னதில்லை. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் ஒரு தட்டுக்கு வேண்டியதைவிட அதிக நேரம் கேட்டது.

கையெழுத்துப் போடும் நாள். வக்கீல் அலுவலகம் மாடியில் இருந்தது. பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் வந்தார். மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்பா சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்.

வக்கீலம்மா உறுதிமொழியை வாசித்தாள். இருபத்தோரு வருஷமாக, ஒரு மாதமும் இடைவெளியின்றி, இந்தக் குறியோடு எண்ணெய் தயாரித்து விற்கப்பட்டது என்பதை லேப் பொறுப்பாளர் என்ற முறையில், மாதிரிகளைச் சோதித்துத் தான் அறிந்தபடி. அங்கே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுல ஒரு வரி பொய்யானாலும் எதிர்த்தரப்பு விடமாட்டாங்க. அவங்ககிட்ட யாரோ பழைய ஆள் இருக்கான்போல, தைரியமா பேசுறாங்க. பொய்ன்னு நிரூபிச்சா கம்பெனி மேல கேஸ் வராது. கையெழுத்துப் போட்டவங்க மேலதான் வரும். புரியுதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் வராது" என்றார் மாமா. "போடும்மா. மாமா இருக்கேன்ல?"

அப்பாவின் தலை நிமிர்ந்தது. அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே எங்கோ கேட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பேனா கையில் இருந்தது. அவள் மூடியைத் திறக்கவில்லை. காகிதத்தைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா பெட்டியிலிருந்து வெளுத்த பாட்டில் ஒன்றை எடுத்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பது போல அதைக் கவிழ்த்தார். குமிழ் அடியிலிருந்து கிளம்பியது.

"மாப்ள" என்றார் மாமா மெதுவாக. "வேண்டாம்."

"அவ போட வேணாம் மச்சான்." அப்பா குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கப்பலுக்குப் போகல பாப்பா. கெட்டில் வெடிச்சு ஒரு ஆள் செத்துப்போயிட்டார். பிளாண்டுக்குச் சீல் வச்சாங்க. கேஸ் என் பேர்ல. அந்த எட்டு மாசமும் நான் ஜெயில்ல இருந்தேன்."

பாட்டிலில் குமிழ் இன்னும் பாதிதான் ஏறியிருந்தது.